ஆவியை நிறுப்பது எப்படி?

சுறாப்புட்டில் உருளாத பாதரசம்

பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப்புட்டு கிளறுவது நம் கடலோரத்து வழக்கம். பால் நன்றாக ஊறும் என்பார்கள். இன்று அதே வீட்டுக்குக் கைப்பேசி வழியாக ஓர் எச்சரிக்கையும் வந்து சேர்கிறது: பெரிய மீன் வேண்டாம், பாதரசம் இருக்கும். படித்தவுடன் யாருக்கும் எழும் சந்தேகம்தான். பாதரசம் என்றால் உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து தரையில் உருண்டோடுமே, அந்த வெள்ளிக் குண்டுதானே? சுறாவைக் கழுவும்போதும் அது உருளவில்லை, வேகவைத்துத் தோலை உரித்து உதிர்க்கும்போதும் உருளவில்லை. பிறகு யார், எதை வைத்து அது இருக்கிறது என்று கண்டார்கள்?

ஏன் உருளவில்லை என்பதற்கு விடை சுருக்கமானது. மீனில் இருப்பது உலோகத் துளி அல்ல. நீரடிச் சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் பாதரச அணுவோடு ஒரு கார்பனையும் மூன்று ஹைட்ரஜனையும் இணைத்துவிடுகின்றன. அப்படிப் பிறக்கும் சேர்மத்துக்கு மெத்தில் பாதரசம் என்று பெயர். புரதத்தில் உள்ள கந்தகத்தைக் கண்டால் அது விடாது பற்றும். மிதவை உயிர்களை உண்ணும் சிறுமீன், சிறுமீனை உண்ணும் நடுத்தர மீன், அதை உண்ணும் சுறா என்று படிப்படியாக அதன் செறிவு ஏறுகிறது. பல ஆண்டுகள் வாழும் மீனில் இன்னும் கூடுதலாகச் சேர்கிறது. சதையின் புரதத்திலேயே பிணைந்து கிடப்பதால் தோலை நீக்கியும் பயனில்லை, கொழுப்பை நறுக்கி எறிந்தும் பயனில்லை. வேகும்போது நீர் வற்றுவதால் நூறு கிராமுக்கான அளவு சற்றுக் கூடவே செய்யும்.

எப்படிக் கண்டார்கள் என்பதற்கு விடை அவ்வளவு சுருக்கமானதல்ல.

அரிசி மூட்டையில் இரண்டு மணி

முதலில் அளவின் சிறுமையை மனதில் வாங்கிக்கொள்வோம். பாதரசம் மிகுந்த மீன் என்று பட்டியலிடப்படும் மீனிலேயே பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்குதான் பாதரசம். ஆய்வகத்தில் இதைப் பிபிஎம் என்பார்கள். ஓர் அரிசி மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். ஐம்பது கிலோ மூட்டையில் இருபத்தைந்து லட்சம் மணிகள் இருக்கும். அதில் இரண்டு மூன்று மணிகள் மட்டும் வேறு நெல்லின் அரிசி என்றால் அது ஒரு பிபிஎம். நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்களில் அதைவிடப் பல மடங்கு குறைவு. பூமிக்கடியிலிருந்து வரும் எரிபொருள்களிலும் பாதரசம் உண்டு. கச்சா எண்ணெய்க்கு வந்தால் நூறு கோடியில் சில பங்குகள் என்று பேசவேண்டியிருக்கும். ஒரே ஒரு மணியை நானூறு மூட்டைகளில் தேடுவது அது.

கைக்கு வரும் மாதிரி இன்னும் சிறியது. ஒரு பிபிஎம் பாதரசம் உள்ள மீன்சதையில் நூறு மில்லிகிராம் வெட்டி எடுத்தால் அதற்குள் இருக்கும் பாதரசம் 100 நானோகிராம். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. எந்தத் தராசின் தட்டும் இதற்கு அசையாது.

ஆல்ஃபிரெட் ஸ்டாக்கின் தலைவலி

தராசு இல்லாமல் பாதரசத்தை நிறுக்க முதலில் பெரும்பாடு பட்டவர்களில் ஒருவர், அந்தப் பாதரசத்தாலேயே நோயாளியானவர். ஜெர்மானிய வேதியியலர் ஆல்ஃபிரெட் ஸ்டாக் (1876–1946), காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடிய போரான்–ஹைட்ரஜன் சேர்மங்களை ஆராய்ந்தவர். காற்றே இல்லாத கண்ணாடிக் குழாய்களுக்குள்தான் அவர் வேலை முழுவதும் நடக்கவேண்டியிருந்தது. அந்தக் குழாய்களின் பம்பு, அழுத்தமானி, அடைப்பான் எல்லாவற்றிலும் பாதரசம். ஆண்டுக்கணக்காகத் தலைவலி, தலைசுற்றல், மூக்கடைப்பு. போகப்போக நினைவும் மங்கியது. முந்தைய நாள் படித்தது மறுநாள் நினைவில் நிற்காது. மருத்துவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. 1924இல்தான் குற்றவாளி தன் ஆய்வகத்தின் காற்று என்று அவருக்குப் புரிந்தது. 1926இல் பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றி, தன் நோயையே சான்றாக வைத்துக் கட்டுரை வெளியிட்டார்.

புரிந்தால் போதுமா? காற்றில் எவ்வளவு, சிறுநீரில் எவ்வளவு என்று காட்டாமல் யார் நம்புவார்கள்? அதற்காக அவரும் உடன் வேலை செய்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். மாதிரியில் உள்ள பாதரசத்தைப் பிரித்தெடுத்து, காய்ச்சி வடித்து, ஒரே துளியாகச் சேர்ப்பது. பிறகு அந்தத் துளியின் விட்டத்தை நுண்ணோக்கியில் அளப்பது. பாதரசத் துளி அச்சான கோளமாக உருண்டு நிற்கும் என்பதால் விட்டம் தெரிந்தால் பருமன் தெரியும். பருமன் தெரிந்தால் எடை தெரியும்.

ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான ஒரு மைக்ரோகிராம் பாதரசத் துளியின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனாலும் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். அதில் நூறில் ஒரு பங்கைக்கூட, அதாவது பத்து நானோகிராமைக்கூட, இந்த வழியில் அளக்க முடிந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன், மின்னணுச் சாதனம் எதுவும் இல்லாமல்! எனக்கு இந்த நுட்பத்தின் மேல் தீராத மரியாதை உண்டு. குறையும் உண்டு: விட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு பிசகினால் எடையில் ஆறு பங்கு பிசகும். தவிர, ஒரு மாதிரிக்கு ஒரு நாள் போய்விடும். துளி ஒன்றாகச் சேர மறுத்தால் அதற்கு மேலும் போகும்.

விளக்கும் அதுவே, நிழலும் அதுவே

அடுத்த வழி பாதரசத்தின் ஒரு விசித்திரக் குணத்திலிருந்து வந்தது. உலோகங்களில் இது ஒன்றுதான் சாதாரண அறை வெப்பத்தில் திரவமாக இருந்துகொண்டு, அந்த வெப்பத்திலேயே தனித்தனி அணுக்களாக ஆவியாகப் பறக்கவும் செய்கிறது. இரும்பையோ செம்பையோ தனி அணுக்களாகப் பிரிக்க இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சுடர் வேண்டும். பாதரசத்துக்குச் சுடர் வேண்டாம்.

தனித்து நிற்கும் அணு ஒவ்வொன்றும் தனக்கே உரிய சில ஒளி அலைகளை மட்டும் விழுங்கும். பாதரச அணு விழுங்குவது 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை. வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பானில் கிருமியைக் கொல்ல ஒரு குழல்விளக்கு எரிகிறதே, அது உமிழ்வதும் பெரும்பாலும் இதே ஒளிதான். காரணம், அந்த விளக்குக்குள் இருப்பதும் பாதரச ஆவி. ஓர் அணு எதை உமிழ்கிறதோ அதையே விழுங்கவும் செய்யும். ஆகவே கருவியின் அமைப்பு மிக எளிது: ஒரு பக்கம் பாதரச விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியை அளக்கும் உணரி, நடுவே இரு முனையிலும் குவார்ட்ஸ் சன்னல் வைத்த ஒரு குழாய். குழாய்க்குள் பாதரச ஆவி நுழைந்தால் உணரிக்கு வரும் ஒளி குறையும். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து எவ்வளவு பாதரசம் என்று கணக்கிடலாம்.

மீனை அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலில் ஸ்டானஸ் குளோரைடு என்ற தகர உப்பைச் சேர்த்தால், கரைந்து கிடக்கும் பாதரசம் மீண்டும் உலோக அணுவாகிறது. காற்றைக் குமிழியிட்டுச் செலுத்தினால் அணுக்கள் அந்தக் காற்றோடு கிளம்பிக் குழாய்க்குப் போகின்றன. சுடரே இல்லாததால் இதைக் குளிர் ஆவி முறை என்கிறோம். 1968இல் அமெரிக்காவின் ஹாட்ச், ஆட் இருவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது உலகம் முழுதும் பரவியது. அந்தக் காலகட்டத்தில்தான் சோதனைக்கூடங்கள் மீன்களின் பக்கம் வேகமாகத் திரும்பின. 1970இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் வேதியியல் பேராசிரியர் புரூஸ் மெக்டஃபி, கடையில் விற்ற டின் சூரை மீனைச் சோதித்து 0.75 பிபிஎம் என்று கண்டார். அன்றைய அமெரிக்க வரம்பு 0.5. டின்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

பொய்ச் சாட்சிகள்

எளிய கருவிதான். ஆனால் மீனை அதன் வாசல்வரை கொண்டுபோவது எளிதல்ல.

சதையில் இரும்போ ஈயமோ எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் பழைய வழி ஒன்று உண்டு. மாதிரியை உலையில் வைத்துச் சாம்பலாக்கி, சாம்பலைக் கரைப்பது. பாதரசத்துக்கு இதைச் செய்தால் சாம்பல் மிஞ்சும். பாதரசம் புகைபோக்கி வழியே போயிருக்கும். எனவே மூடிய பாத்திரத்தில் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். சதையின் மிச்சமீதி எல்லாம் சிதைந்ததா என்று தெரிய, பெர்மாங்கனேட் விடுவார்கள். ஊதா நிறம் மங்கினால் இன்னும் சிதைய வேண்டியது பாக்கி, மறுபடி விடவேண்டும். நிறம் நிலைத்தால்தான் அடுத்த கட்டம்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 253.7 நானோமீட்டர் ஒளியைப் பாதரசம் மட்டுமே விழுங்கும் என்றால் கவலையில்லை. பென்சீன், அசிட்டோன் போன்ற கரிம ஆவிகளும் அந்தப் பகுதியில் ஒளியை விழுங்குகின்றன. உணரிக்குத் தெரிவது வெளிச்சம் குறைந்தது என்ற ஒரு செய்தி மட்டும். யார் குறைத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. மீன் கொழுப்பு சரியாகச் சிதையாமல் கொஞ்சம் ஆவி கிளம்பினால் அதுவும் பாதரசக் கணக்கில் ஏறிவிடும். மீனிலேயே இப்படியென்றால் எண்ணெயும் நிலக்கரியும் என்ன பாடு படுத்தும்? அவை முழுக்க முழுக்கக் கரிமப் பொருள். அமிலத்தில் லேசில் கரைவதும் இல்லை. ரத்தமும் மீனும் சோதிக்கிற மேசையில் எரிபொருளை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தங்கம் பிடித்துக்கொடுக்கிறது

தட்டாரிடம் கேட்டால் தெரியும், மோதிரத்தில் பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். இரண்டும் சேர்ந்து ரசக்கலவை ஆகிவிடுகின்றன. மோதிரத்தைக் காய்ச்சினால் பாதரசம் பிரிந்து ஆவியாகப் போய்விடும். (நச்சு ஆவி, வீட்டில் முயலவேண்டாம்.) சிக்கலைத் தீர்த்தது இந்தப் பழைய அறிவுதான்.

புதிய கருவியில் அமிலமே கிடையாது. நிக்கல் அல்லது குவார்ட்ஸால் செய்த சிறு படகில் மாதிரியை வைத்து, ஆக்சிஜன் ஓடும் உலைக்குள் தள்ளுகிறார்கள். முதலில் ஈரம் உலர்கிறது; பிறகு மாதிரி முழுதும் எரிகிறது. புகை ஒரு வினையூக்கிப் படுகையைக் கடக்கும்போது கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் குளோரின் வகைகளும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மிஞ்சிய வாயு தங்கம் பூசிய சிறு படுகை வழியே போகிறது. பாதரசத்தைத் தங்கம் பிடித்துக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் எஞ்சிய கரிம ஆவியும் நிற்காமல் வெளியேறுகின்றன. எல்லாம் போனபின் தங்கத்தைச் சட்டென்று சூடாக்குகிறார்கள். பிடித்துவைத்த பாதரசம் மொத்தமும் சில நொடிகளில் ஒரே வீச்சாகக் கிளம்பி ஒளிக்குழாய்க்குள் நுழைகிறது. அப்போது அங்கே பொய் சொல்ல வேறு ஆவி இல்லை.

தொடக்கம் முதல் முடிவுவரை சில நிமிடங்கள். 1998இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை 7473 என்ற எண்ணில் அங்கீகரித்தது. மீனானாலும் முடியானாலும் நிலக்கரியானாலும் ஒரே படகு, ஒரே உலை.

ஒரு துண்டு சுறா, ஒரு கணக்கு

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தொகுத்த பட்டியலில் சுறாவின் சராசரி 0.979 பிபிஎம், மத்தியினுடையது 0.013. அந்தச் சராசரியை ஒட்டிய சுறா ஒன்று நம் மேசைக்கு வந்ததாக வைத்துக்கொண்டு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் கருவிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். 10, 20, 50, 100 நானோகிராம் என்று அளவு தெரிந்த பாதரசக் கரைசல்களை ஒவ்வொன்றாகப் படகில் விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்கிறோம். அடுத்து ஒன்றுமே வைக்காத வெறும் படகை உள்ளே அனுப்புகிறோம். இதற்கு வெற்றோட்டம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வெறும் படகுதானே, பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாது. 0.4 நானோகிராம் என்று காட்டுகிறது என்போம். படகிலும் காற்றிலும் ஒட்டியிருந்த அழுக்கு அது. மாதிரியின் கணக்கிலிருந்து கழிக்கவேண்டும்.

இப்போது சுறா. 100 மில்லிகிராம் சதை. கருவி 98.4 என்கிறது. 0.4 கழித்தால் 98 நானோகிராம். நூறு மில்லிகிராமுக்கு 98 நானோகிராம் என்றால் ஒரு கிராமுக்கு 980; அதாவது 0.98 பிபிஎம்.

நம்பலாமா? இங்கேதான் மூன்றாவது படகு வருகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் நெடுங்காலமாக ஒரு பண்டம் தயாரித்து விற்கிறது: உலர்த்திப் பொடித்த மீன்சதை. அந்த வரிசையில் டோர்ம்-2 என்ற பொடி, டாக்ஃபிஷ் எனும் சிறுசுறாவின் தசையிலிருந்து வந்தது. அதில் கிலோவுக்கு 4.64 மில்லிகிராம் பாதரசம், 0.26 கூடக்குறைய, என்று பல வழிகளில் அளந்து சான்று கொடுத்திருந்தார்கள். இத்தகைய சான்றுப் பொடியில் 20 மில்லிகிராம் வைத்தால் கருவி 92.8 நானோகிராம் காட்டவேண்டும். 90.1 காட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு கிடைத்துவிட்டது. சான்றின் வரம்புக்குள் இருக்கிறது. நம் சுறாவின் எண்ணை வெளியில் சொல்லலாம். 75 காட்டினால் வழியில் எங்கோ பாதரசம் நழுவுகிறது. அப்போது சுறாவின் எண்ணும் செல்லாது. சான்றுப் பொடி சுறாவாகவே இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தூய நீரில் கரைத்த பாதரசத்தைச் சரியாக அளக்கும் கருவி, புரதத்தில் பிணைந்த பாதரசத்தைப் பாதியில் விட்டுவிடலாம்.

எண் கிடைத்தபின் சமையலறைக் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு, கருவில் இருக்கும் குழந்தையை மனதில் வைத்து, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்று வரம்பு வைத்தது. மீனில் உள்ள பாதரசத்தில் மிகப் பெரும்பகுதி மெத்தில் வடிவம்தான். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். நம் சுறாவில் நூறு கிராம் சாப்பிட்டால் 98. ஒரே வேளையில் ஒரு வாரத்துக் கணக்கு தீர்ந்தது. அதே நூறு கிராம் மத்தியில் 1.3தான்.

பன்னாட்டு உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ் 2018இல் சுறாவுக்கு வைத்த வரம்பு 1.6 பிபிஎம். 0.98 அதற்குள் அடங்குகிறது. விற்கத் தடையில்லை என்பதும் கர்ப்பிணி சாப்பிடலாம் என்பதும் வெவ்வேறு செய்திகள். பெட்டியின் மேல் ஒட்டும் சான்றிதழ் முதலாவதை மட்டுமே சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புட்டுக்கு நம்மவர்கள் விரும்பி வாங்குவது ஒரு மீட்டரை ஒட்டி வளரும் பால்சுறா. அமெரிக்கப் பட்டியலின் சராசரியில் வருபவை பல வகைச் சுறாக்கள், பெரியவையும் சேர்த்து. அந்த 0.979ஐ எடுத்து நம் பால்சுறாவின் தலையில் கட்டுவது அளவையியல் ஆகாது. அந்த மீனை, அந்தக் கடலில், அந்த நீளத்தில் எடுத்து அளந்த எண்தான் பேசவேண்டும்.

எந்தப் பாதரசம், எப்போது?

எரித்துப் பிடிக்கும் கருவி மொத்தப் பாதரசத்தையே சொல்லும். எந்த வடிவம் என்று சொல்லாது. எரிந்தபின் எல்லாம் ஒரே அணுதான். வடிவம் முக்கியமென்று உலகம் கற்றுக்கொண்ட இடம் ஜப்பானின் மினமாட்டா. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அங்கே பாதரசத்தைப் பயன்படுத்தி அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அந்தக் கடல் மீனை உண்டவர்களைத் தாக்கிய நோய் 1956 மே மாதம் அதிகாரபூர்வமாகப் பதிவானது. மாங்கனீசு, செலீனியம், தாலியம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டு, 1959இல்தான் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் கரிமப் பாதரசத்தின் மேல் விரல் நீட்டினார்கள். ஆலைக் கழிவுநீர்க் கால்வாய் கடலில் சேரும் இடத்துச் சேற்றில் டன்னுக்கு இரண்டு கிலோ பாதரசம் இருந்தது. நோயாளி ஒருவரின் தலைமுடியில் 705 பிபிஎம்.

முடி இந்தத் துறைக்குக் கிடைத்த வரம். ரத்தம் இன்றைய நிலையை மட்டும் சொல்லும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செண்டிமீட்டர் வளர்கிறது. வளரும் நாளில் ரத்தத்தில் இருந்த மெத்தில் பாதரசத்தை, அதன் செறிவைப்போல ஏறத்தாழ 250 மடங்காக, தன் கந்தகத்தில் பூட்டிக்கொள்கிறது. வேரிலிருந்து துண்டு துண்டாக நறுக்கி அளந்தால் போன மாதம், அதற்கு முந்தைய மாதம் என்று பின்னோக்கிப் படிக்கலாம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியலர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசத்தின் சில சொட்டுகள் ரப்பர் கையுறையின் மேல் விழுந்ததால் நஞ்சேறி, 1997 ஜூனில் இறந்தார். கையுறை அதைத் தடுக்கவில்லை. அவருடைய ஒரு முடியை நறுக்கி அளந்தபோது ஒரே ஒரு செங்குத்தான ஏற்றமும், பிறகு மெல்லிய இறக்கமும் தெரிந்தன. பலமுறை பட்டதல்ல, ஒரே நாள் விபத்து என்பதை முடி உறுதிசெய்தது.

முடி வெட்டப்பட்டுப் போகும். கருவில் இருந்தபோது என்ன நடந்தது என்று பத்தாண்டுகள் கழித்து எப்படி அறிவது? ஜப்பானியர் குழந்தையின் தொப்புள்கொடித் துண்டை உலர்த்திப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். மினமாட்டா நோயாளிகளுக்காகவே வாழ்ந்த மருத்துவர் ஹரதா மசஸுமி அவற்றைக் கேட்டு வாங்கி மெத்தில் பாதரசத்தை அளக்கச் செய்தார். தாயின் உடம்பைத் தாண்டிக் குழந்தைக்கு நஞ்சு போகாது என்ற அன்றைய மருத்துவ நம்பிக்கைக்கு எதிரான சான்றுகளில் அவையும் சேர்ந்தன.

சோதிப்பவரின் பல்

நானோகிராமில் நூறில் ஒரு பங்கைக்கூட இன்றைய கருவிகள் உணர்கின்றன. கருவியின் கூர்மைக்குப் பஞ்சமில்லை. தொல்லை எல்லாம் காவலில். மாதிரியிலிருந்து பாதரசம் வெளியே போகாமலும், வெளியிலிருந்து உள்ளே வராமலும் காப்பதில்.

பாலிதீன் புட்டியின் சுவரைப் பாதரச ஆவி ஊடுருவும். ஆய்வகத்தின் காற்றில் பாதரசம் இருந்தால் அது புட்டிக்குள் வரும். புட்டிக்குள் அதிகம் இருந்தால் வெளியே போகும். அதனால் கண்ணாடி அல்லது டெஃப்லான் வகைப் புட்டிகள்தாம். என்றோ உடைந்த வெப்பமானியின் துளி தரை இடுக்கில் கிடந்தால் வெற்றோட்டத்தின் எண் நாள்தோறும் ஏறி இறங்கும், கோடையில் கூடும். ஆற்றுநீரில் லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவில் தேடுபவர்கள் இருவராகப் போகவேண்டும் என்பது விதி. ஒருவர் புட்டியை மட்டும் தொடுவார். மற்ற எதையும் தொடமாட்டார். இன்னொருவர் மற்ற எல்லாவற்றையும் தொடுவார், புட்டியைத் தொடமாட்டார். அந்த விதிமுறையில் இன்னொரு வரியும் இருக்கிறது: பல்லில் ரசக்கலவை அடைத்திருப்பவர்கள் மாதிரியின் மேல் மூச்சுவிடாமல் பார்த்துக்கொள்ளவும். ஸ்டாக் உயிரோடு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பல்லடைப்புக்கு எதிராக அவர் அந்தக் காலத்திலேயே சண்டை போட்டவர்.

நிலக்கரி, எண்ணெய், வாயு

எரிபொருளில் இந்தக் காவல் இன்னும் கடினமாகிறது. நிலக்கரியில் பாதரசம் பெரும்பாலும் பைரைட் என்ற இரும்பு–கந்தகக் கனிமத்தோடு ஒட்டியிருக்கும். பைரைட் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. ஒரு கட்டியில் நிறைய, பக்கத்துக் கட்டியில் இல்லை. நாளுக்கு 7,000 டன் எரிக்கும் அனல்மின் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அத்தனையின் சார்பிலும் படகில் ஏறப்போவது நூறு மில்லிகிராம் பொடி: ஏழாயிரம் கோடியில் ஒரு பங்கு. பட்டையில் ஓடும் நிலக்கரியிலிருந்து முறைப்படி அள்ளி, உடைத்து, கலந்து, நாலாகப் பிரித்து, மீண்டும் அரைத்துக் குறைப்பதில்தான் விடையின் தலையெழுத்து இருக்கிறது. அரைக்கும்போது சூடேறினால் பாதரசம் கிளம்பும். ஈரத்தை அளக்க நிலக்கரியை 105 டிகிரி அடுப்பில் வைப்பது வழக்கம். பாதரசம் பார்க்கும் பங்கை அந்த அடுப்பில் வைக்காமல் காற்றில் உலர்த்துவார்கள்.

டன்னுக்கு 0.1 கிராம், அதாவது 0.1 பிபிஎம், நிலக்கரியில் சாதாரணமாகக் காணும் அளவுதான். 7,000 டன்னில் அது 700 கிராம். ஏறத்தாழ ஆயிரம் காய்ச்சல் தெர்மாமீட்டர்களில் இருக்கும் பாதரசம், ஒவ்வொரு நாளும். சாம்பலோடு கொஞ்சம் நிற்கும். மீதி புகையோடு போகும். 2015 டிசம்பரில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் புகையில் கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்று வரம்பு விதித்தது. ஒரு கிலோ நிலக்கரி எரிந்தால் ஐந்து கனமீட்டருக்குக் குறையாமல் புகை வரும். 0.1 பிபிஎம் நிலக்கரியின் பாதரசம் முழுதும் வெளியேறினாலும் கனமீட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டாது. எனவே நிலையம் வரம்பை மீறாமலே நாளுக்கு 700 கிராம் வரை வெளியிடலாம். செறிவுக்கு வைத்த வரம்பு மொத்தத்தைக் கட்டுப்படுத்துவதில்லை.

புகைபோக்கியில் அளக்க, செயலூட்டிய கரி நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே புகையை உறிஞ்சுகிறார்கள். கரி இரண்டு பகுதியாக இருக்கும். முதல் பகுதி பாதரசத்தைப் பிடிக்கவேண்டும். இரண்டாம் பகுதியில் ஏதும் கிடைத்தால் முதல் பகுதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். மிகையானால் அந்த மாதிரியே தள்ளுபடி. பிறகு கரி, மீன் சென்ற அதே வகை உலைக்குள் போகும்.

எண்ணெயின் குறும்பு வேறு. எஃகுக் குழாயின் சுவரிலும் புட்டியின் சுவரிலும் பாதரசம் ஒட்டிக்கொள்ளும். கிணற்றடியில் எடுத்த எண்ணெய் ஆய்வகத்துக்கு வந்து சேர ஒரு வாரம் ஆனால் எண் குறைந்திருக்கும். எண்ணெய் சுத்தமாகவில்லை, புட்டிதான் அழுக்காகிவிட்டது.

இயற்கை வாயுவில் இந்த எண்ணுக்காகவே பெரும் பணம் செலவாகிறது. 1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டாவில், வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஆலையில் அலுமினிய வெப்பமாற்றி பழுதானது. வாயுவோடு வந்த சொற்பப் பாதரசம் உள்ளே சேர்ந்திருந்தது. ஆலை ஓடும்போது மைனஸ் 160 டிகிரியை ஒட்டிய குளிரில் பாதரசம் உறைந்து கிடக்கும். அது மைனஸ் 39இலேயே உறைந்துவிடும். ஆலையை நிறுத்தி உலோகம் சூடேறும்போது உருகி, அலுமினியத்தின் மேல்தோலான ஆக்சைடு படலத்தில் கீறல் இருக்கும் இடத்தில் உள்ளே நுழைந்து, உலோகத்தை நொறுங்கும்படி செய்துவிடும். 2004 ஜனவரி முதல் நாள் தெற்கு ஆஸ்திரேலியாவின் மூம்பா வாயு ஆலையில் நடந்த வெடிவிபத்துக்கும் இதே வகைச் சிதைவுதான் காரணம்.

அதனால் கந்தகம் ஏற்றிய கரிப் படுகைகள் வழியே வாயுவை வடித்து, கனமீட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழே கொண்டுவருகிறார்கள். அதைச் சரிபார்க்க வாயுவை உருளையில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் உருளையின் சுவரே பாதரசத்தை வாங்கிக்கொள்ளும். அறிக்கையில் பூஜ்யம் வரும். எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். குழாயடியிலேயே தங்கப் பொறியை மாட்டி வாயுவை அதன் வழியே ஓடவிட வேண்டும். அந்த வரம்பில் நூறு லிட்டர் வாயு ஓடினால் தங்கத்தில் சேர்வது ஒரே ஒரு நானோகிராம். குழாயிலிருந்து பொறிக்குப் போகும் இணைப்பும் சூடாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு நானோகிராம் வழியிலேயே நின்றுவிடும்.